கொழுந்தனாரின் இரண்டு சீட்டுக் கார்

அந்தக் கார் எங்கள் தெருவுக்குள் முதன்முதலாக நுழைந்தது எனக்குக் காதில்தான் நினைவிருக்கிறது. காலை நேரம். பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். தெருமுனையில் ஏதோ உறுமியது. ஜன்னல் கம்பி லேசாக அதிர்ந்தது. எதிர்வீட்டுக் கைக்குழந்தை வீறிட்டு அழுதது. கையில் கரண்டியோடு வாசலுக்கு ஓடினேன். தரையோடு தரையாக, மஞ்சள் நிறத்தில் ஒரு கார், முனையிலிருந்த வேகத்தடைக்கு முன்னால் நின்றிருந்தது. அதிலிருந்து என் கணவரின் தம்பி இறங்கினார். காரின் முன்பக்கத்தைத் திறந்தார். மற்ற வண்டிகளில் எஞ்சின் இருக்கும் இடத்தில் இதில் டிக்கி இருந்தது. உள்ளேயிருந்து இரண்டு பலகைகளை எடுத்து வேகத்தடையின் மேல் சரிவாக வைத்தார். மறுபடி ஏறி, அடிப்பாகம் உரசாமல் மெல்ல மெல்லக் கடந்து வந்தார். பிறகு திரும்ப நடந்துபோய்ப் பலகைகளை எடுத்துவந்தார். தெருவே வேடிக்கை பார்த்த பெருமையில் அவருக்கு முகமெல்லாம் பல்லாக இருந்தது. எனக்கோ, இவ்வளவு பெரிய வண்டிக்கு நம்ம தெரு வேகத்தடையைத் தாண்டத் தெரியவில்லையே என்றுதான் தோன்றியது.

"எத்தன பேரு ஒக்காரலாம் தம்பி?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேரு அண்ணி."

அப்போது எங்கள் வீட்டில் ஏழு பேர். என் மாமியார் ஆரத்தி கரைக்க உள்ளே போனார்.

கொழுந்தனார் துபாயில் பத்துப் பன்னிரண்டு வருடம் இருந்தவர். அங்கே பணக்காரர்களின் பந்தயக் கார்களுக்கென்றே இருக்கும் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் வேலை. கழுவுவதில் ஆரம்பித்து, மெழுகு போட்டுப் பளபளப்பு ஏற்றுவதுவரை வந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். அப்படி ஒரு லீவில்தான் கல்யாணம் நடந்தது. அவர் திரும்பிப் போன பிறகு பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைக்கு நன்றாகப் பேச்சு வந்த பிறகே அவரால் அடுத்த லீவுக்கு வர முடிந்தது. வாசலில் பெட்டிகளோடு நின்றவரைப் பார்த்து அவள் என் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "பெரியம்மா, ஒரு மாமா வந்துருக்காரு" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். அன்று மாலை, துணி மடித்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து உட்கார்ந்து, "அண்ணி, இன்னும் ஒரு தடவ போயி கணக்க முடிச்சிட்டு வந்துடுவேன். அப்புறம் போவ மாட்டேன். எம்பொண்ணு என்ன மாமான்னு கூப்பிட்டுக்கிட்டு வளரக்கூடாது" என்றார். அப்படி அழுத்தமாக அவர் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

சொன்னபடியே வந்தார். வரும்போதே மனதில் ஒரு தொழிலையும் வைத்துக்கொண்டுதான் வந்தார். எங்கள் சிதம்பரம் பக்கத்தில் மாப்பிள்ளை அழைப்பு என்றால் சாதாரண விஷயமில்லை. பேண்டு, வாணவேடிக்கை, ஆட்டம் பாட்டம் என்று தெருவையே அடைத்துக்கொண்டு போக வேண்டும். மேல்மூடி திறந்த காரில் மாப்பிள்ளை உட்கார்ந்து ஊரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே போக வேண்டும். அதற்காகப் புதுச்சேரியிலிருந்தும் சென்னையிலிருந்தும் கார் வாடகைக்கு வரும். "அதையே நம்ம ஊருல ஒருத்தன் வெச்சிருந்தான்னா?" என்பதுதான் கொழுந்தனாரின் யோசனை. பெங்களூரில் ஒருவர் விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போய், சேமிப்பு முழுவதையும் கொடுத்து, போதாததற்குக் கடனும் வாங்கி, மேல்மூடி திறக்கும் அந்த மஞ்சள் காரைக் கொண்டுவந்தார். மஞ்சள் மங்களகரம் என்று நிறம் பார்த்து எடுத்தாராம். புதிதாக வாங்கினால் கோடிக்கணக்கில் ஆகும் வண்டி, பழையது என்பதால் ஒரு நல்ல குடும்பக் காரின் விலைக்குக் கிடைத்தது.

"இவ்ளோ கொறச்சிக் குடுக்கறாங்கன்னா ஏன்னு கேட்டீங்களா தம்பி?" என்றேன். நான் பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டில் எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பவள் என்று எனக்குப் பெயர்.

"அவுங்களுக்கு வண்டிய வெச்சிக்கத் தெரியில அண்ணி. எனக்குத் தெரியாததா?"

அவருக்குத் தெரியும் என்பதில் பொய்யில்லை. அந்த மாதிரிக் கார்களின் ஒவ்வொரு வளைவையும் கையால் தடவித் துடைத்தவர். எந்தத் தோலுக்கு எந்த எண்ணெய், எந்தக் கண்ணாடிக்கு எந்தத் துணி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். பில் மட்டும் அவர் கைக்கு ஒருநாளும் வந்ததில்லை. அது மாடியில் ஏசி அறைக்குப் போகும். அங்கே கார்க்காரர்கள் பேரீச்சம்பழம் தின்றுகொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அவர்கள் முகம் சுளித்து அவர் பார்த்ததில்லை. அதனால் அது தாங்கக்கூடிய தொகை என்றே நினைத்துவிட்டார். இதைப் பின்னாளில் அவரே என்னிடம் சொன்னார்.

முதல் செலவு சாலை வரி. கர்நாடக நம்பரை மாற்றாவிட்டால் போகிற இடமெல்லாம் நிறுத்துகிறார்கள் என்று, காரின் அசல் விலையை வைத்துப் போட்ட வரியைக் கட்டினார். பிறகு இன்சூரன்ஸ். பிறகு பெட்ரோல். சிதம்பரத்திலிருந்து கடலூர் போய்வர அது குடித்த பெட்ரோலில் என் ஸ்கூட்டர் ஒரு மாதம் ஓடும். பின்டயர் கல்யாணப் பாய் அளவு அகலம். அது கடலூரிலும் கிடைக்காது, புதுச்சேரியிலும் கிடைக்காது. சென்னையில் சொல்லிவைத்து வரவழைக்க வேண்டும். ஒரு டயரின் விலை என் ஒரு மாதச் சம்பளம். சோடியாகத்தான் மாற்ற வேண்டுமாம். எஞ்சின் ஆயில் வெளிநாட்டுச் சரக்கு, அதுவும் டப்பா டப்பாவாக. பிரேக் தட்டு தேய்ந்தபோது அவர் சொன்ன விலையைக் கேட்டு என் கணவர், "பிரேக் போடாம ஓட்டுடா" என்றார். சரி, ஓட்டினால்தானே செலவு, நிறுத்திவைக்கலாம் என்றால் அது அதைவிட மோசம். சும்மா நின்றால் பேட்டரி செத்துவிடும். டயர் ஒரே பக்கம் அமுங்கிச் சப்பையாகிவிடும். தெருவில் நிறுத்த இடமில்லாமல் புறவழிச்சாலைப் பக்கம் ஒரு பழைய அரிசி மில்லின் கொட்டகையை வாடகைக்கு எடுத்திருந்தார். மில் மூடிப் பல காலம் ஆகியிருந்தும் எலிகள் போகவில்லை. ஒரு மழைக்காலத்தில் அவை காரின் ஒயர்களைக் கடித்துத் தின்றன. எந்த ஒயர் என்று கண்டுபிடிக்கும் கம்ப்யூட்டர் சென்னையில்தான் இருந்தது. காரை இழுத்துப்போகச் சாதாரண வண்டி உதவாது, தட்டையான தளம் உள்ள லாரி வேண்டும். அந்த லாரி வாடகை, கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்ததற்குக் கூலி, ஒயர் விலை என்று வந்ததில் ஒரு தை மாதத்து வருமானம் முழுவதும் போனது.

வருமானம் இல்லாமலில்லை. பண்ருட்டி, நெய்வேலி, திட்டக்குடி என்று முகூர்த்த நாட்களில் அழைப்பு வந்தது. வெளியாட்களிடம் அவர் கறாராக இருந்தார். அந்தக் காரில் கியர் தானாக மாறும். ஆனால் நடக்கிற வேகத்தில் ஊர்ந்துகொண்டே இருந்தால் கிளட்ச் சூடாகிக் கருகிவிடும். அதனால் ஊர்வலம் பாதித் தூரம் போன பிறகுதான் கார் சேரும், பேண்டு முன்னால் போய் நின்றதும் இவர் ஒரே மூச்சில் நகர்ந்து நிறுத்தி எஞ்சினை அணைப்பார், மறுபடி பேண்டு போகட்டும் என்று காத்திருப்பார். அப்படி ஒரு முறை வைத்திருந்தார். பணம் கொடுப்பவர்கள் அதற்குக் கட்டுப்பட்டார்கள்.

அந்த நாட்களில் வீட்டில் சந்தோஷம் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டாவது சீட்டு குழந்தைக்கு என்று ஆகிவிட்டது. காரைச் சூடேற்ற வேண்டும் என்ற சாக்கில் காலையில் அவளை அதிலேயே எல்கேஜிக்குக் கொண்டுபோய் விடுவார். பலகை வைக்கும் இடம் வந்தால் அவள் கீழே இறங்கி நின்று, போலீஸ்காரர்போல் கையைக் காட்டி, "வா வா, நில்லு" என்பாள். அப்பா என்ற சொல்லை அவள் அந்தக் காருக்குள் உட்கார்ந்துதான் பழகினாள். ஊர் அவரைப் பகட்டுக்காரன் என்றது. "எல்கேஜிக்குப் போவ பந்தயக் காரா தொரைக்கு?" என்று டீக்கடையில் கேலி செய்தார்கள். அவர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் மனைவி, என் ஓர்ப்படி, அவர் ஊரில் இருந்த அந்த இரண்டு வருடத்தில் நன்றாகச் சதை போட்டாள்.

சொந்தக்காரர்கள்தான் கெடுத்தார்கள். இன்றைக்கும் இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. வெளியாட்களிடம் வாடகை வாங்கலாம், சொந்தத்துக்குள் வாங்க முடியுமா? வாடகை என்று வாயைத் திறந்தாலே, "என்னாடா, நம்மகிட்டயே யாவாரமா?" என்பார்கள். பதிலுக்கு ஒரு வேட்டி துண்டும் தாம்பூலப் பையும் கொடுத்து, "உம்பொண்ணு கல்யாணத்துல பத்தா திருப்பிச் செய்யறோம் பாரு" என்பார்கள். பெண்ணுக்கு அப்போது பால்பல்லே விழவில்லை. ஒரு கல்யாணம், இரண்டு கல்யாணம் என்றால் பரவாயில்லை. எங்கள் மாமனார் வழியில் மட்டும் எத்தனை பங்காளிகள்! நான் ஒருநாள் மனம் பொறுக்காமல், "பெட்ரோலுக்காவது கேளுங்க தம்பி" என்றேன். "எப்படி அண்ணி வாயி வரும்?" என்றார். அவருக்கு வரவில்லை.

கம்மாபுரத்தில் என் மாமனாரின் அண்ணன் ஒருவர் இருந்தார். கொழுந்தனாருக்குப் பெரியப்பா. முதன்முதலில் துபாய் போக விசாவுக்குப் பணம் புரட்டிக் கொடுத்தவர் அவர்தான். அந்தப் பணம் வட்டியோடு எப்போதோ தீர்ந்துவிட்டது. நன்றி தீரவில்லை. அவருடைய பேரனுக்குச் சிதம்பரத்தில் கல்யாணம். வைகாசி மாதம், வெயில் இறங்கியும் தரை கொதித்துக்கொண்டிருந்த சாயங்காலம். தெற்கு வீதிப் பிள்ளையார் கோயிலில் பூசை முடித்து, மேல வீதி சுற்றி மண்டபத்துக்குப் போவதாக ஏற்பாடு. கார் பாதி வழியில் வந்து சேரும் என்று கொழுந்தனார் முன்பே சொல்லியிருந்தார். பெரியப்பா கேட்கவில்லை. கோயில் வாசலிலேயே மாப்பிள்ளையை ஏற்ற வேண்டும் என்று நின்றார்.

நான் வரிசைத் தட்டோடு பெண்களுக்கு நடுவில், காருக்குச் சற்றுப் பின்னால் நடந்துகொண்டிருந்தேன். முன்னால் பையன்கள் ஆடினார்கள். பேண்டுக்காரர்கள் நகரவே இல்லை. கடைக்குக் கடை நின்றார்கள். கார் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தது. கொஞ்ச நேரத்தில் மல்லிகைப்பூ வாசனையையும் வெடிமருந்து நெடியையும் மீறி முடி கருகுவதுபோல் ஒரு நாற்றம் வந்தது. எனக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. கொழுந்தனார் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி பக்கத்தில் நடந்த பெரியப்பாவிடம் குனிந்து சொல்வது கேட்டது.

"பெரியப்பா, பேண்ட கொஞ்சம் முன்ன போவச் சொல்லுங்க. இல்ல, நான் வண்டிய அணச்சிட்டு நிக்கறேன். கிளட்ச் போயிடும்."

"நல்ல காரியத்துல வண்டிய அணைக்கறதா? என்னாடா பேச்சு இது?"

"கருகுது பெரியப்பா. வாட வரல உங்களுக்கு?"

"வேகமாப் போறதுக்கா காரு கேட்டோம்? ஊரு பாக்கணும்டா. மெதுவா ஓட்டு. இன்னும் மெதுவா ஓட்டு."

அவர் ஓட்டினார். மேல வீதி திரும்பும் இடத்தில் அந்த உறுமல் ஒரு மாதிரி இழுத்தது. பிறகு எஞ்சின் ஓடுகிறது, கார் நகரவில்லை. ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு ஆடிக்கொண்டிருந்த பையன்கள் கூச்சலோடு பின்னால் ஓடிவந்து தள்ள ஆரம்பித்தார்கள். பேண்டு இன்னும் உற்சாகமாக வாசித்தது. மாப்பிள்ளை கும்பிட்டுக்கொண்டே சிரித்தார். எல்லோரும் போனில் படம் எடுத்தார்கள். அதைவிடக் கலகலப்பான ஊர்வலத்தை நான் பார்த்ததில்லை. கொழுந்தனார் மட்டும் வண்டி ஒருபக்கம் போய்விடாமல் ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டு, யாராவது படம் எடுத்தால் கெடுக்கக்கூடாதே என்று முகத்தில் ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் நடுத்தெருவில் தட்டோடு அழுதேன். பக்கத்தில் வந்த அத்தை, வெடிப்புகை கண்ணில் பட்டுவிட்டதாக நினைத்து முந்தானையால் துடைத்துவிட்டார்.

காரை லாரியில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பினார்கள். சில நாள் கழித்துப் போன் வந்தது. நாங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய் நின்று பேசினார். "ஆங்... ஆங்... சரிங்க சார்... ரெண்டு கிளட்ச்சுமே மாத்தணுங்களா சார்... சரிங்க" என்பது மட்டும் கேட்டது. திரும்பி வந்தவரிடம் ஓர்ப்படி, "எவ்ளோவாம்?" என்றாள்.

"கொஞ்சம் ஜாஸ்தி" என்றார்.

தொகையைப் பிறகு அவர் அண்ணனிடம் சொன்னார். துபாயில் சாப்பிடாமல் உடுத்தாமல் சேர்த்தாலும் மூன்று நான்கு வருடம் ஆகும் பணம். என் கணவர் செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலை பார்த்தார். பி.எஃப்-பில் கடன் எடுத்துத் தருகிறேன் என்றார். தம்பி வேண்டாம் என்றார். நான் விடவில்லை. கம்மாபுரத்துக்கு என் கணவரை அனுப்பி, பெரியப்பாவிடம் பாதியாவது கேட்கச் சொன்னேன். இவர் போன வேகத்தில் திரும்பிவந்தார். புதுப்பெண் வீட்டுக்கு வந்து மாதம்கூட ஆகவில்லை, ஊர்வலத்தில் வண்டி நின்றுபோனது என்று வெளியே சொன்னால் அந்தப் பெண்ணின் ராசியைப் பேசமாட்டார்களா, அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள் என்று பெரியப்பா கையெடுத்துக் கும்பிட்டாராம். கூடவே இரண்டு பலாப்பழம் கொடுத்தனுப்பியிருந்தார். அந்தப் பழத்தை நான் அறுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அதன்பிறகு கொழுந்தனார் யார் கேட்டாலும் கார் எலி கடித்து நின்றுவிட்டதாகவே சொன்னார். நஷ்டத்தோடு அதன் காரணத்தையும் அவரே விழுங்கிக்கொண்டார்.

பழுது பார்க்கப் பணமில்லாமல் கார் திரும்பக் கொட்டகைக்கே வந்தது. அந்த ஐப்பசி மழையில் புறவழிச்சாலைப் பக்கம் தண்ணீர் தேங்கி, கொட்டகைக்குள் இடுப்பளவு நின்றது. தரையோடு தரையாகச் செய்த கார் எந்த அளவுக்கு முழுகியிருக்கும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. இன்சூரன்ஸும் அதற்குள் காலாவதியாகியிருந்தது. கடன்காரர்கள் மட்டும் முழுகவில்லை. மார்கழியில் அவர் மறுபடி துபாய்க்கு டிக்கெட் போட்டார்.

"காரு போனா போவுது. நீங்க இருங்க. ஆட்டோ ஓட்டுங்க, நான் தையல் மெஷின் போடறேன்" என்றாள் ஓர்ப்படி.

"வட்டிக்கே பத்தாதும்மா. ரெண்டே வருஷம். முடிச்சிட்டு வந்துடறேன்."

கிளம்பும் அன்று குழந்தை அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. ஒரு விரலைப் பிரித்தால் இன்னொரு விரலால் பிடித்துக்கொண்டாள். கடைசியில் நான்தான் பிரித்தெடுத்தேன். வாடகைக் காரின் பின்கண்ணாடி வழியாக அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இறங்கியிருப்பார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

இரண்டு வருடம் என்றது இரண்டு வருடத்தில் முடியவில்லை. கடன் அடைந்ததும் வீட்டுக்குக் கூரை, மாமியாரின் ஆபரேஷன், பெண்ணின் படிப்பு என்று ஒன்று முடிய ஒன்று வந்தது. காரை இருந்த நிலையிலேயே புதுச்சேரி போகும் வழியில் ஒரு ரிசார்ட்டுக்காரர் அடிமாட்டு விலைக்கு வாங்கிப் போனார். எஞ்சினைக் கழற்றிவிட்டுப் புதிதாக மஞ்சள் பெயிண்ட் அடித்து, வாசலில் சிமெண்ட் மேடையில் வைத்திருக்கிறார். வருகிறவர்கள் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். பெட்ரோல் இல்லை, டயர் தேய்வதில்லை, வரி இல்லை. இப்போது அதற்குச் செலவே கிடையாது. கொழுந்தனாருக்கு அதே ஒர்க்‌ஷாப்பில் பதவி உயர்ந்திருக்கிறது. மாடி ஏசி அறையில் உட்கார்ந்து, என்னென்ன பழுது, எவ்வளவு ஆகும் என்று கார்க்காரர்களுக்குப் பில்லை விளக்கிச் சொல்வது இப்போது அவர் வேலை. புதிதாகச் சம்பாதித்துப் பழைய கார் வாங்கிவிட்டு வரும் நம்மூர்ப் பையன்களைக் கண்டால் தனியாகக் கூப்பிட்டு, "வித்துடு தம்பி" என்று சொல்லிவிடுவாராம். முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

இந்த வருடம் லீவில் வந்திருந்தார். முடி முக்கால்வாசி நரைத்துவிட்டது. பெண் கல்லூரிக்குப் போகிறாள். பொறுப்பான பெண், யாரிடமும் முகம் கோணிப் பேசமாட்டாள். தினமும் வீடியோவில் அப்பாவோடு பேசுகிறாள். சாப்பாடு, வெயில், பரீட்சை எல்லாவற்றையும் விசாரித்துக்கொள்கிறார்கள். விமான நிலையத்திலிருந்து அவர் வந்து கூடத்தில் உட்கார்ந்ததும் அவள் உள்ளே போனாள். அலமாரியைத் திறந்து, விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் கண்ணாடி டம்ளரை எடுத்துக் கழுவித் தண்ணீர் ஊற்றி, ஒரு தட்டில் வைத்து, சிந்தாமல் கொண்டுவந்து நீட்டினாள். "தேங்க்ஸ்மா" என்று அவர் எடுத்துக்கொண்டார். அடுப்படி வாசலில் நின்றிருந்த ஓர்ப்படி சட்டென்று உள்ளே திரும்பிக்கொண்டாள். அவர் தண்ணீர் முழுவதையும் குடித்தார். பிறகு அவருடைய சொந்த வீட்டில், காலி டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.